லைன் கிளியர் வாங்காத மகனுக்கு

தினேஷ்,

என் எண்ணை நீ பிளாக் செய்துவிட்டாய். காட்டுப்பாக்கத்தில் உன் நண்பனின் ஃபிளாட்டில்தான் இருக்கிறாய் என்று தெரிந்து, அங்கேயே வந்து மணி அடித்தேன். நீ இல்லை என்று அந்தப் பையனை விட்டுச் சொல்ல வைத்தாய். உன் செருப்பு வாசலில் கிடந்தது. அதனால்தான் இதை எழுதி, நம் பக்கத்துக் கிரேன் உரிமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். பெற்ற மகனையே போலீசில் காட்டிக்கொடுத்தவள் என்று அந்தக் குழுவில்தானே என்னைப் பற்றிப் பேசினார்கள்? அதற்குக் கீழே நீயும் ஒரு கும்பிடு போட்டிருந்தாய். எல்லோரும் படிக்கட்டும். அவர்கள் வீட்டிலும் மகன்கள் இருக்கிறார்கள். அவர்கள் வண்டிகளும் மின்கம்பிகளுக்குக் கீழேதான் வேலை செய்கின்றன.

அம்மா அழுதுகொண்டே எழுதியிருப்பாள், நாலு நாள் போனால் ஆறிவிடுவாள் என்று நினைக்காதே. அழ வேண்டியதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுது முடித்துவிட்டேன். இப்போது இருப்பது கோபம் மட்டும்தான். அது ஆறாமல் இருக்கும்போதே இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என்னிடம் ஒரு விதமாகவும் போலீசில் வேறு விதமாகவும் உனக்கு நிச்சயம் செய்திருக்கிற பெண் வீட்டில் இன்னொரு விதமாகவும் நீ சொல்லியிருப்பதால், நடந்ததை நடந்தபடி ஒருமுறை எழுதிவிடுகிறேன். குத்தம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிடங்கு கட்டுகிற இடத்துக்கு நம் பெரிய கிரேன் போயிருந்தது. இரும்புத் தூண்களைத் தூக்கி நிறுத்துகிற வேலை. மனையின் ஓரமாக உயரழுத்த மின்கம்பி போகிறது. முந்தின நாளே நீ போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாய், கம்பியையும் பார்த்தாய். காலையில் தூறல் போட்டு நின்றிருந்தது. தரை சேறாகவும் கயிறு ஈரமாகவும் இருந்தன. கம்பிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டிய தூணின் முறை வந்தபோது நம் ஆபரேட்டர் ஏகாம்பரம் வண்டியை நிறுத்திவிட்டு உனக்குப் போன் செய்தார். கை சும்மா இருக்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பக்கத்தில், தூணை ஆடாமல் பிடித்துக்கொள்ளும் கயிற்றோடு, அவருக்கு உதவியாளாக இருக்கிற டில்லிபாபு நின்றுகொண்டிருந்தான்.

“தம்பி, மேல லைன் போவுது. லைன் கிளியர் வாங்கிக் குடு, தூக்கறேன். அது இல்லாங்காட்டி பூமை ஏத்த மாட்டேன்” என்று, மின்வாரியத்தாரைக் கொண்டு கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொன்னார். அதற்கு நீ சொன்னது இது: “அண்ணே, பார்ட்டி என் தலைமேல நிக்கிறாரு. கொஞ்சம் தாழ்த்தி, பார்த்துப் பண்ணுங்க. முடியாதுன்னா இறங்கிடுங்க, நான் வேற ஆளை அனுப்பறேன்.”

அவர் தூக்கினார். தூக்கியிருக்கக் கூடாது. அதை அவரே என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். வண்டியின் நீண்ட இரும்புக் கையான பூம் திரும்பும்போது கம்பியைத் தொடவில்லை; அருகில்தான் போனது. அவ்வளவு போதும் அந்தக் கம்பிக்கு. பளீரென்று ஒரு வெளிச்சம், வெடி மாதிரி ஒரு சத்தம். பூம் வழியாகத் தூணுக்கு வந்து, ஈரக் கயிற்றில் இறங்கி, டில்லிபாபுவின் கை வழியாகப் புகுந்து கால் வழியாகச் சேற்றுக்குள் போயிற்று மின்சாரம். அவனுக்கு வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. பாதங்களில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை.

அன்று மாலை நீ வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “நான்தாம்மா சொன்னேன். அவர் முடியாதுன்னாரு, நான்தான் மிரட்டினேன்” என்று சொல்லி என் மடியில் முகம் புதைத்து அழுதாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். தப்பு செய்துவிட்டான், ஆனால் மறைக்கவில்லை, நாளைக்குக் காலையில் போய் உள்ளதைச் சொல்லிவிடுவான் என்று நம்பினேன். நீ என் வயிற்றில் பிறந்ததற்காக அந்த மாலை நான் வெட்கப்படவில்லை, தெரியுமா? பயந்தேன், துடித்தேன், ஆனால் வெட்கப்படவில்லை. வெட்கம் மறுநாள்தான் வந்தது.

மறுநாள் காலையில் உன் மாமா வந்தார். என் கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே நாக்குக் கூசுகிறது. கூடத்தில் உன்னை உட்கார வைத்து அவர் பேசியதை நான் உள்ளே இருந்து கேட்டேன். கல்யாணம் நெருங்குகிறது, பெண் வீட்டார் பூந்தமல்லியில் மரியாதையோடு இருப்பவர்கள், கேஸ் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவார்கள் என்றார். ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்குத் தூக்கிவிட்டார் என்று சொல்லச் சொன்னார். போன் பேசியது பதிவில் இருக்குமே என்று நீ கேட்டாய். பேசியது இருக்கும், என்ன பேசியது என்று இருக்காது, டீசல் பற்றிப் பேசினேன் என்று சொல் என்றார். டில்லி கேட்டுக்கொண்டிருந்தானே என்றாய். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அவன் வெண்டிலேட்டர்ல கெடக்கறான். எந்திரிச்சி வந்து சாட்சி சொன்னாப் பாத்துக்கலாம்.”

இதைக் கேட்டு நீ எழுந்து அவர் சட்டையைப் பிடிப்பாய் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  நீ சரி மாமா என்றாய். கூடத்துக்கு வந்து நான் சத்தம் போட்டேன். நீ பைக் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். போனது போலீஸ் நிலையத்துக்கு.

அங்கே நீ டீசல் கதையோடு நிறுத்தியிருந்தாலாவது ஒரு பயந்த பையனின் பொய் என்று நான் விட்டிருக்கலாம். நீ இன்னொன்றும் சொன்னாய். டில்லி கீழே விழுந்து கிடந்தபோது ஏகாம்பரம் உதவிக்கு இறங்கவேயில்லை, கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார், அப்படிப்பட்ட கோழை அவர் என்று எழுதியும் கொடுத்தாய். தினேஷ், வேறு யாராவது சொல்லியிருந்தால் தெரியாமல் சொல்லிவிட்டார்கள் என்று இருப்பேன். நீ எப்படிச் சொன்னாய்?

கம்பியில் மாட்டிய வண்டியில் கேபினுக்குள் இருக்கிறவன் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரைதான் பிழைப்பான் என்று உனக்குத் தெரியாதா? ஒரு காலைத் தரையில் வைத்து ஒரு கையால் வண்டியைப் பிடித்தால் அவன் உடம்பே கம்பியாகிவிடும் என்று தெரியாதா? அம்பத்தூரில் நம் யார்டில் உன் அப்பா புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் கேபின் படியிலிருந்து குதிக்க வைப்பார். தீப்பிடித்தால் மட்டும்தான் இறங்க வேண்டும். அப்போதும் படியில் கால் வைத்து இறங்கக் கூடாது, வண்டியைத் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும், குதித்த பிறகும் கால்களைப் பிரிக்காமல் தத்தித் தத்தியே விலகிப் போக வேண்டும். தரையிலும் மின்சாரம் பரவியிருக்கும், அகலக் கால் வைத்தால் ஒரு காலில் ஏறி இன்னொரு காலில் இறங்கும் என்று மண்ணில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டுக் காட்டுவார். கல்லூரி விடுமுறையில் நீயும் குதித்தாய். நீயும் ஏகாம்பரமும் யார்டு முழுவதும் தத்திக்கொண்டு போனதைப் பார்த்து எதிர் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். வயிறு வலிக்கிறது என்று நீ மண்ணிலேயே படுத்துக்கொண்டாய். சிரித்ததுதான் உனக்கு ஞாபகம் இருக்கிறதா, எதற்குக் குதித்தோம் என்பது மறந்துவிட்டதா?

ஏகாம்பரம் இறங்காமல் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தார் என்று சொல்லட்டுமா? பூமைக் கம்பியை விட்டு விலக்கிக்கொண்டிருந்தார். விலக்கிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினார், யாரும் டில்லியிடம் போகாதீர்கள், வண்டியைத் தொடாதீர்கள் என்று. வெல்டிங் வேலைக்கு வந்திருந்த ஒருவர் அவனைத் தூக்க ஓடிவந்தாராம். இவர் போட்ட சத்தத்தில்தான் நின்றார். நின்றதால் இன்று அவர் வீட்டில் விளக்கு எரிகிறது. கண்ணெதிரே தன் ஆள் புகைந்துகொண்டு கிடக்க, இறங்கி ஓட வேண்டும் என்று உடம்பு துடிக்க, இறங்காமல் உட்கார்ந்திருப்பது லேசான காரியமா? அதைத்தான் நீ கோழைத்தனம் என்று எழுதிக் கொடுத்தாய். அந்த மனிதரை விசாரணை என்று காலையிலிருந்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது அவர் என்னிடம் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அண்ணி, டில்லி முழிச்சிக்கினானா?” என்றுதான் கேட்டார்.

அங்கேயே இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்து, நீ என்னிடம் சொன்னதையெல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. யோசித்துச் சொல்லுங்கள் அம்மா, உங்கள் ஒரே பையன் என்று அவரே இரண்டாவது முறை கேட்டார். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். ஏகாம்பரத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள், வழக்கில் உன் பெயரைச் சேர்த்தார்கள். நீ முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாய். மடியில் அழுததை ஸ்டேஷனில் சொல்லிவிட்டாயே என்று கடைசியாக எனக்கு எழுதினாயே, அதற்குப் பதில் இதுதான். நீ என் மடியில் அழுதது உண்மை. அந்த உண்மையை நீ ஒரே இரவில் தூக்கிப் போட்டுவிட்டாய். நான் எடுத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தேன். மகனின் பொய்க்காக இன்னொரு குடும்பத்து ஆண்பிள்ளையைச் சிறைக்கு அனுப்புவதுதான் தாய்ப்பாசம் என்றால் அந்தப் பாசம் எனக்கு வேண்டாம்.

வளர்ப்பு சரியில்லை என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். கடிதம் எழுதுகிற தாய் இந்த இடத்தில் ஆமாம், நானும் எங்கேயோ தவறிவிட்டேன் என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. நான் எழுத மாட்டேன். தேடிப் பார்த்துவிட்டேன். இந்த விஷயத்தில் உனக்கு நானோ உன் அப்பாவோ சொல்லிக்கொடுக்காதது எதுவும் இல்லை. கோவில்பதாகையில் ஒரு வீட்டு மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டி ஏற்றப் போன கதையை என்னிடம் வந்து சொன்னவனே நீதான். தெருவில் கம்பி போகிறது, லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தி, இரண்டு பக்கமும் எர்த் கட்டிவிட்டு, வேலை செய்யலாம் என்று அவர் வாயால் சொல்லும் வரை தூக்க மாட்டேன் என்று அப்பா பூமை மடக்கி வைத்துவிட்டார். கிரகப்பிரவேசம், நல்ல நேரம் போகிறது என்று வீட்டுக்காரர் குதித்தார், பயந்தாங்கொள்ளி என்று தெருவே கேட்கத் திட்டினார். அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, “பயந்தவன்தான் சார். அதான் இன்னும் உசுரோட கிரேன் ஓட்டிகினு கீறேன்” என்று சொன்னாராம். அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டி, எங்கப்பா மாதிரி யாரும்மா இருக்காங்க என்று கேட்டாய். அப்பா நெஞ்சு வலியில் போனபோது, வண்டிகளை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். விற்காமல் உன் கையில் கொடுத்தது அந்தக் கதையை நீ சொன்ன விதத்தை நம்பித்தான்.

உன் மாமா என்னிடம், டயர் ரப்பர்தானே, பூம்தான் கம்பியைத் தொடவேயில்லையே, இது விதி என்கிறார். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். வீட்டு ஸ்விட்சுக்கு இருக்கிற புத்தி அந்தக் கம்பிக்குக் கிடையாது. தொட்டால்தான் பிடிக்கும் என்பதில்லை, அருகில் போனாலே தாவும். டயர் அதைத் தடுக்காது. அது எவ்வளவு தூரத்தில் தாவும் என்று கண்ணால் அளக்க உங்களாலும் முடியாது, கேபினிலிருந்து அண்ணாந்து பார்க்கிற ஆபரேட்டராலும் முடியாது. அதற்காகத்தான் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து லைனை நிறுத்தச் சொல்வது. நிறுத்த முடியாது என்றால் பூம் முழுக்க நீண்டு முழுக்கச் சுற்றினாலும் கம்பிப் பக்கம் எட்டாத இடத்தில் வண்டியைப் போடுவது, கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆளை நிறுத்துவது, அவன் கை காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துவது. ஈரக் கயிறு கூடாது. தொங்குகிற சாமான்மேல் யார் கையும் படக் கூடாது. ஒரு தடவை வெடித்து அடங்கிவிட்டால் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்துக் கிட்டே போகவும் கூடாது, அது தானாகத் திரும்பி வரும். இதில் விதி எங்கே இருக்கிறது? நீ ஒரு மனு எழுதியிருந்தால் மறுநாள் வந்து நிறுத்திக் கொடுத்திருப்பார்கள். அந்த ஒரு நாளைத் தர உனக்கு மனமில்லை.

அதற்குப் பிறகு நம் வண்டிகள் யார்டிலேயேதான் நிற்கின்றன. சாவிகள் என்னிடம் இருக்கின்றன. மறுபடி ஓடும்போது ஏகாம்பரத்திடம் பொறுப்பை ஒப்படைப்பேன். அவர் தூக்க மாட்டேன் என்றால் தூக்க மாட்டார், அதற்கு மேல் யாரும் பேச முடியாது, நான் உட்பட. நீ வந்தாலும் அப்படித்தான்.

டில்லியைப் பார்க்கத் தினமும் போகிறேன். முதல் நாள் அவன் மனைவி கஸ்தூரி என்னை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள். “இன்னாத்துக்குக்கா வந்துகீறீங்க? கேஸு வேணாம்னு எங்களாண்ட எழுதி வாங்கவா?” என்று கேட்டாள். இல்லை, நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்று சொன்னேன். என்ன எழுதினேன் என்று கேட்டாள், சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது, அதற்கு மேல் எதிர்பார்க்கவும் எனக்குத் தகுதி இல்லை.

உன் மாமாவின் கணக்கு பொய்த்துப் போயிற்று. டில்லி பிழைத்துவிட்டான். முந்தாநாள்தான் அவனால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை, அவனாகத்தான் ஆரம்பித்தான். “போன்ல தம்பி பேசினத நானும் கேட்டேங்கா. வேற ஆளை அனுப்பறேன்னாரு. அண்ணன் மொகம் சுண்டிப் போச்சு. இந்த வயசுல வேலை பூட்டா எங்க போவாரு? அதான் நான் சொன்னேன், நீ ஏத்து அண்ணாத்தே, நான் கயித்தக் கெட்டியாப் புடிச்சிக்கறேன்னு.”

படித்தாயா? இன்னொரு முறை படி. அவனுக்கும் அந்தக் கம்பி தெரிந்திருந்தது, கயிறு ஈரம் என்றும் தெரிந்திருந்தது. உன் ஒரு வார்த்தையால் ஏகாம்பரத்தின் வேலை போய்விடக் கூடாது என்றுதான் அவன் அதைப் பிடித்தான். நீ யாரைக் கோழை என்று எழுதிக் கொடுத்தாயோ, அவருக்காகப் போன கை அது.

இந்த வாரம் அவனிடம் வாக்குமூலம் வாங்க வருகிறார்கள். அவன் சொல்லிவிடுவான். அதற்குப் பிறகு நீ உண்மையைச் சொன்னால் அது மாட்டிக்கொண்டவன் பேச்சு. அதற்கு முன்னால் நீயாகப் போய்ச் சொன்னால் அது வேறு. தண்டனை குறையுமா என்று வக்கீலைக் கேட்டுக்கொள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கல்யாணம் நிற்குமா என்று கேட்காதே. அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் நீயே சொல், சொன்ன பிறகும் அவள் உன்னைக் கட்டிக்கொள்வதானால் அவளை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

காட்டுப்பாக்கத்திலிருந்து நேராக வீட்டுக்கு வராதே, கதவைத் திறக்க மாட்டேன். முதலில் அந்த வார்டுக்குப் போ. கஸ்தூரி என்ன சொன்னாலும் நின்று கேள், அடித்தால் வாங்கிக்கொள். அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போய் டீசல் பற்றி நான் பேசவில்லை என்று சொல்லிவிட்டு, ஏகாம்பரம் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை பேசு. அதற்குப் பிறகு எந்த நேரமானாலும் வா. சோறு இருக்கும். கோபத்தோடுதான் போடுவேன், ஆனால் போடுவேன்.

அம்மா